பெயர் யாருக்குச் சொந்தம்? யோஷிவாராவின் விளம்பர ஏடுகள்

ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது உதமாரோவின் கோட்டழகையும் வண்ண நுட்பத்தையும் வியக்கிறோம். அவ்வோவியங்களில் காணும் பெண்கள் யார், அத்தாள்களை அச்சிடப் பணம் போட்டவர் யார் என்னும் வினாக்களை அரிதாகவே எழுப்புகிறோம். அவற்றுள் கணிசமான பகுதி ஒரு கணிகையர் சேரியின் வணிகத்தைப் பெருக்கவே பிறந்தது என்பதை நினைவிற்கொண்டால் நம் வியப்பு சற்றே திசைமாறும்.

எடோ நகரத்தில் (இன்றைய தோக்கியோ) அரசின் இசைவு பெற்ற கணிகையர் சேரிக்கு 1617இல் ஒப்புதல் கிடைத்தது. 1657இல் நகரையே எரித்த பெருந்தீக்குப் பின் அது அசகுசாவுக்கு வடக்கே இடம்பெயர்ந்தது. சுற்றிலும் அகழி; போக்குவரவுக்கு ஒரே பெருவாயில். இதுவே யோஷிவாரா. அங்குள்ள இல்லங்கள், ஒவ்வோர் இல்லத்துப் பெண்களின் பெயர், தரம், கட்டணம் ஆகியவற்றைப் பட்டியலிட்ட கையேட்டுக்குச் 'சைக்கென்' என்று பெயர். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலுமாக ஆண்டுக்கு இருமுறை அது திருத்தி வெளியிடப்பட்டது.

இக்கையேட்டை இலக்கிய உலகின் வாயிலாக மாற்றியவர் ட்சுதாயா ஜூசபுரோ. 1750இல் யோஷிவாராவிலேயே பிறந்து, அதன் பெருவாயிலுக்கு அருகே சிறு புத்தகக்கடை வைத்தவர். 1774இல் அவர் வெளியிட்ட முதல் நூலில் கணிகையர் ஒவ்வொருவரும் ஒரு மலரலங்காரமாகச் சித்திரிக்கப்பட்டனர். முகமே இல்லை, மலரும் பெயரும் மட்டுமே. கடைவிற்பனையைக் காட்டிலும் வாடிக்கையாளர்க்குப் பரிசளிக்கவே அது உருவாயிற்று என்று ஆய்வாளர் கருதுவர். அவளை முன்பே அறிந்தவனுக்குத்தான் அம்மலரின் பொருள் விளங்கும். உள்வட்டத்தாரை நோக்கிய விளம்பரத்தின் நுட்பம் இதுவே.

அதுவரை கையேட்டுத் தொழிலில் முன்னணியில் இருந்த பதிப்பாளர் 1775இல் வழக்கொன்றில் சிக்கித் தளர்ந்தபோது, ட்சுதாயா தம் சொந்தக் கையேட்டைக் கொணர்ந்தார். தெருவைப் பக்கத்தின் நடுவில் வைத்து, இருமருங்கும் இல்லங்களை எதிரெதிராக அமைத்தார். தாள் குறைந்தது, செலவு குறைந்தது, படிப்பதும் எளிதாயிற்று. 1783 அளவில் இத்தொழில் முழுவதும் அவர் கைக்கு வந்தது.

இனி வருவதே இலக்கிய அன்பர்களாகிய நாம் கருதிப் பார்க்கவேண்டிய பகுதி. 1780களில் எடோவில் 'கியோகா' என்னும் பகடிக் கவிதை பெருகிற்று. சிலேடையும் நையாண்டியும் கலந்த ஐந்தடிப் பாடல் அது. சாமுராய்களும் வணிகரும் வேடிக்கையான புனைபெயர்களைச் சூடிக் குழுக்களாகக் கூடிப் பாடினர். ட்சுதாயாவும் 'ட்சுதா நோ கராமாரு' என்னும் பெயரில் அவர்களுள் ஒருவரானார். யோஷிவாராக் குழுவில் கணிகையர் இல்லங்களின் உரிமையாளர்களே கவிஞர்களாக அமர்ந்திருந்தனர். விருந்தும் கவியரங்கும் அங்கேயே நடந்தன. நூல்களும் அங்கேயே முளைத்தன. ஓதா நம்போ போன்ற பெரும்பெயர்கள் அந்நூல்களுக்கு முன்னுரை வழங்கினர். நண்பர் குழாத்தின் நகைச்சுவை எங்கே முடிந்தது, இல்ல உரிமையாளரின் வணிகம் எங்கே தொடங்கியது என்று பிரித்தறிதல் கடினம்.

1784இல் வந்த ஒரு வண்ணத்தொகுதி இதன் உச்சம். கிதாவோ மசனோபு (எழுத்தாளர் சாந்தோ கியோதென் இவரே) வரைந்த அதில், கணிகையர் உருவங்களுக்கு மேலே அவரவர் கவிதைகள் அவரவர் கையெழுத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தன. கல்வியும் கவித்திறனும் இங்கே விலைமதிப்பை உயர்த்தும் அணிகள். இதற்கு முன்னரே கொரியூசாய் வரைந்த நூற்றுக்கு மேற்பட்ட ஓவியங்கள் கணிகையரின் புத்தாடைகளை நகரெங்கும் பரப்பி, துணிவணிகர்க்கும் விளம்பரமாயின.

இத்துணைப் புகழும் யாரைச் சேர்ந்தது? 'சேகவா', 'ஹனாவோகி' போன்ற பெயர்கள் பெண்களுடையவை அல்ல, இல்லங்களின் சொத்து. ஒருத்தி சென்றால் அடுத்தவள் அப்பெயரைச் சூடுவாள். 1775இல் சேகவா என்னும் பெயருடைய ஒருத்தியை வட்டித்தொழில் செய்த பார்வையற்ற செல்வர் ஒருவர் 1,400 ரியோ கொடுத்து மீட்டார் என்பர். பணம் சேர்ந்தது இல்லத்திற்கு. பெயரும் அங்கேயே தங்கிற்று. ஓவியத்தில் மிளிர்ந்த ஆடையின் விலையோ பெரும்பாலும் அவள் கடன்கணக்கில் ஏறியது. வறுமையால் பெற்றோர் விற்ற சிறுமியர் பலர் ஏழெட்டு வயதிலேயே அங்கு வந்தவர்கள். சேரிக்கு அருகிலுள்ள ஜோகன்ஜிக் கோயிலில், உரிமைகோர உற்றாரின்றி இறந்த ஏறத்தாழ 25,000 பேர் அடக்கம் செய்யப்பட்டதாக மதிப்பிடுவர்.

அரசும் கைவைத்தது. 1791இல் கணிகையர் சேரியைப் பற்றிய நூல்களுக்காகக் கியோதென் ஐம்பது நாள் கைவிலங்கிடப்பட்டார். ட்சுதாயாவின் சொத்தில் பாதி பறிபோயிற்று என்பது மரபுவழிச் செய்தி. தண்டிக்கப்பட்டவை நூல்களே, கடனுக்குப் பெண்ணை அடைத்துவைத்த ஒப்பந்தங்களை அரசு தொடவில்லை. 1872இல்தான் விடுதலை ஆணை வந்தது. அதன் பின்னும் வேறு வடிவில் தொழில் தொடர்ந்து, 1958இல் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

ட்சுதாயா 1797இல் மறைந்தார். 2025இல் ஜப்பானியத் தொலைக்காட்சி அவர் வாழ்வை ஓராண்டுத் தொடராக்கிப் போற்றியது. அவருடைய கூர்மதி அதற்குத் தகுதியானதே. கியோதெனை வெறும் விளம்பரக்காரர் என்று தள்ளிவிடவும் இயலாது. 1790இல் அவர் மணந்துகொண்டது யோஷிவாராவிலிருந்து வெளிவந்த ஒரு பெண்ணைத்தான்.

ஆயினும் அந்த 1784ஆம் ஆண்டுத் தொகுதியைக் காணும்போதெல்லாம் என் கண் ஓவியத்தை விட்டுக் கையெழுத்துக்கே செல்கிறது. உருவம் ஓவியர் அமைத்தது, ஆடை கடனில் வந்தது, பெயர் இல்லத்தினுடையது. அத்தாளில் அவளுடையது என்று சொல்லத்தக்கது அந்தச் சில வரிகளின் தூரிகையோட்டம் ஒன்றே. நண்பர்கள் அத்தொகுதியைக் காண நேர்ந்தால், முதலில் அவ்வெழுத்தைப் பாருங்கள்.