மனேச்சர் இருந்த பள்ளிக்கூடம்

இண்டைக்குப் பள்ளிக்கூடம் எண்டால் அதிபர், அவருக்கு மேல வலயக் கல்விப் பணிப்பாளர். 1960 வரை உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் தலைமை வாத்தியாருக்கு மேலே முகாமையாளர் இருந்தார். ஊர்ச்சனத்துக்கு 'மனேச்சர்'. மிஷன் பள்ளிகளில் பெரும்பாலும் பாதிரியார். யாழ்ப்பாணத்துச் சைவப் பள்ளிகள் பலவற்றுக்கு, 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம்.

காசு அரசாங்கத்தினது. ஆனால் ஆசிரியரை நியமிப்பதும் மாற்றுவதும் முகாமையாளர். தங்கட சமயத்தவருக்கே முன்னுரிமை கொடுத்ததும் இரகசியமில்லை. தலைமை வாத்தியார் வகுப்புகளைப் பிரிப்பார், இடாப்புப் பார்ப்பார். தன்னோடு வேலை செய்யப்போறவரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் அவரிட்ட இல்லை.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் முகாமையைக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுத்தது. முதலாம், இரண்டாம் தரப் பள்ளிகள் மட்டும் கட்டணம் வாங்காமல் தனித்து நிற்கலாம். யாழ்ப்பாணக் கல்லூரி அப்படி நின்றது. இதைச் சமயச் சண்டையாகவே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியருக்கோ இது வேலைப் பிரச்சினை: மனேச்சரின் தயவு போய், திணைக்களத்துக் கோப்பு வந்தது.

அதிபரின் அதிகாரம் பெரிதாகக் கூடவில்லை. 1987இன் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகும், மாகாணப் பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்புவது மாகாணம், தேசிய பாடசாலைக்குக் கொழும்பு.