கொல்லியைக் கொண்ட வேந்தர்

ஒரே அம்பில் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்த வல்வில் ஓரிக்கு, ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் விழா எடுக்கிறார்கள். அவன் மாண்ட காரணத்தைக் கேட்டால், முள்ளூர் மன்னனாகிய மலையமான் திருமுடிக் காரியின் விரோதமே என்று சொல்லி அமைந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வளவுதானா?

ஓரியைக் கொன்ற காரி, ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் பலாவும் தேனும் தினையும் மலிந்த அந்த மலையைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று கல்லாடனார் அகநானூற்றில் பாடுகிறார். மூவேந்தருள் ஒருவர் படைத்துணை வேண்டி அனுப்பும் பொருளே காரியின் செல்வம் என்று கபிலர் புறநானூற்றில் பாடுகிறார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்குங்கால், ஒரு குறுநில மன்னனைக் கொண்டே இன்னொரு குறுநில மன்னனை அழித்து மலையின் திரவியத்தைக் கைக்கொண்ட வேந்தனின் ராஜதந்திரமே இப்போரின் வேர் என்பது என் துணிபு. சென்னை மாகாணத்துக் கோதாவரி மலைகளில் 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜு நடத்திய கலகத்தின் வேர்களுள் ஒன்றும், 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் பேரால் மலைவாசிகளின் காட்டு விவசாயத்தைச் சர்க்கார் ஒடுக்கியதே அல்லவா?

ஓரி வீழ்ந்தபின் அவனது பெருந்தெருவில் காரி புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் ஓர் அகப்பாட்டுக்குள், ஊரார் அலருக்கு உவமையாக வைக்கிறார். போகிற போக்கில் உவமை சொல்லும் அளவுக்கு அச்செய்தி அந்நாளில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தங்கள் தலைவனைக் கொன்றவன் தங்கள் வீதியிலேயே நடந்து வருவதைக் கண்ட அந்த ஜனங்களின் கொதிப்பை நினைக்க நெஞ்சு பதைக்கிறது.

சேரர் அந்த மலையைப் பெற்றதோடு நிற்கவில்லை. அதன் பெயரையும் சூடிக்கொண்டார்கள். கொல்லிப்பொறை என்னும் எழுத்துப் பொறித்த நாணயங்கள் கரூரில் கிடைத்திருக்கின்றன.

ஆயினும் கொல்லி அவர்களுக்கு அமைதியாக வாய்த்துவிடவில்லை. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவனோடு சேர்ந்து வந்த இருபெரு வேந்தரையும் பெருஞ்சேரல் இரும்பொறை எதிர்கொண்டு வென்ற களம், பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகிறபடி, இதே கொல்லியின் உச்சிதான். சேரனது கை மேன்மேலும் ஓங்குவதைக் கண்டு அஞ்சியவர்கள் அத்தனை பேரும் அங்கே ஓரணியில் நின்றார்கள் என்றே கொள்ளத் தோன்றுகிறது. அவர்களை முறித்த பிறகே சேரனின் படை தகடூர்க் கோட்டையை நோக்கி நடந்தது. அம்முற்றுகையின் வரலாற்றை அடுத்த இதழில் விரிவாகக் காண்போம்.