சயாமுக்குப் போன ரயில்: அன்றே யாருக்குத் தெரியும்?

சயாம் என்று முன்பு அழைக்கப்பட்ட தாய்லாந்தின் காஞ்சனபுரியில், குவாய் ஆற்றுப் பாலத்துக்கு அருகில், ஜப்பானிய ராணுவம் 1944-இல் எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. சயாம்–பர்மா ரயில் பாதை போடும்போது மாண்டவர்களுக்காக, அவர்களை வேலை வாங்கிய ராணுவமே வைத்த தூண் அது. அதன் கல்வெட்டுகளில் ஒன்று தமிழில் இருக்கிறது. தமிழில் கல் வெட்ட வேண்டும் என்று ஜப்பானிய அதிகாரிகளுக்கே தோன்றும் அளவுக்கு அங்கே தமிழர் செத்திருக்கிறார்கள். அப்போது போர் முடிய ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தது. காட்டுக்குள் நடந்தது வெளியே யாருக்கும் தெரியாது, எல்லாம் 1945-க்குப் பிறகுதான் தெரிய வந்தது என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இந்தக் கல்லின் முன் நிற்காது. ஹிட்லர் காலத்து ஜெர்மன் குடிமக்களைப் பார்த்து உலகம் கேட்ட கேள்வியை நம் பக்கத்துக்கும் திருப்பலாம்: அந்தத் தமிழர்கள் கிளம்பிப் போன மலாயாவில் அன்று யாருக்கு என்ன தெரிந்திருந்தது?

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-இல் வீழ்ந்தது. பர்மாவில் இருந்த படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்புவது ஆபத்தாகவே, தாய்லாந்தின் பான் பொங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டருக்கு மலையையும் மழைக்காட்டையும் வெட்டிப் பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. ஏறத்தாழ 60 ஆயிரம் போர்க்கைதிகள் அதில் இறக்கப்பட்டார்கள். 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலகம் அறிந்தது இந்தக் கணக்கை. ஆசியக் கூலிகள் இரண்டு லட்சத்தை ஒட்டி இருந்திருப்பார்கள், அவர்களில் செத்தவர்கள் 80, 90 ஆயிரம் இருக்கும் என்பது மதிப்பீடு மட்டுமே. கைதிகளுக்குப் பெயர்ப்பட்டியல் உண்டு, அதிகாரிகள் உண்டு, கருவி இல்லாவிட்டாலும் கை வைத்துப் பார்க்க டாக்டர்கள் உண்டு. கூலிகளுக்கு எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலி முகாம்கள் முகாம் முகாமாகக் காலியாயின. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75 ஆயிரம் பேர் அளவில். பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். திருச்சி, தஞ்சாவூர், வடாற்காடு ஜில்லாக்களோடு நம் கொங்கின் சேலம் ஜில்லாவும், அன்று அதற்குள் இருந்த நாமக்கல் தாலுகாவும் அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த நிலங்கள். ஆகவே இது எங்கோ நடந்த கதை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை.

மனிதர் பின்னாளில் சொல்வதை வைத்து, அன்று அவர்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று அளக்க முடியாது. அன்று என்ன செய்தார்கள் என்பதை வைத்தே அளக்க வேண்டும். ஆள் சேர்ப்பின் போக்கையே எடுத்துக்கொள்வோம். முதலில் வந்தது விளம்பரம்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு டாலர், அரிசி, திரும்பி வர ரயில். பால்வெட்டு நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த தோட்டத்தில் அதை நம்பிப் பெயர் கொடுத்தவர்கள் உண்டு. மூன்று மாதம் கழிந்தது, போனவர் வரவில்லை. 1943-இல் விளம்பரம் பயன்படவில்லை. தோட்டத்துக்கு இத்தனை தலை என்று உத்தரவு வந்தது. சாலையில் நடந்தவனை லாரியில் ஏற்றினார்கள். இலவச சினிமா என்று கூட்டிவைத்துக் கதவை அடைத்து ஆள் பிடித்த கதை மலாயாத் தமிழரின் வாய்மொழியில் திரும்பத் திரும்ப வருகிறது. லாரிச் சத்தம் கேட்டால் ஆண்கள் ரப்பர்க் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். கூலி கொடுத்துக் கூப்பிட்ட இடத்துக்கு, கட்டி இழுத்தாலும் வரமாட்டேன் என்று ஒரு ஜனமே ஓடுகிறது என்றால், அதற்குச் சேதி எட்டிவிட்டது என்றே பொருள். பத்திரிகையும் ரேடியோவும் ஜப்பான்காரன் கையில் இருந்தபோதும், தப்பி வந்த ஒருவன் இரவில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதை யாரும் தணிக்கை செய்ய முடியவில்லை.

அவையெல்லாம் வதந்திதானே, வதந்தியை அறிவு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கலாம். ஜெர்மனியில் லாவ்பாக் என்ற சிற்றூரின் நீதிமன்ற ஊழியர் ஃபிரீட்ரிக் கெல்னர், போலந்தில் யூதர்களைக் கூட்டமாகச் சுட்டுக் கொன்றதை விடுப்பில் வந்த ஒரு சிப்பாய் சொல்லக் கேட்டு 1941 அக்டோபர் 28-இல் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவருக்கு ரகசிய ஆவணம் ஏதும் கிடைக்கவில்லை. ஊரில் எல்லோர் காதிலும் விழக்கூடியதே அவர் காதிலும் விழுந்தது. வதந்தி ஒரு முறை வந்தால் புரளி. வெவ்வேறு வாயிலிருந்து ஒரே சேதி வந்துகொண்டே இருந்து, போனவனும் வராமலே இருந்தால் அது தகவல். ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. நாஜிகள் யூதர்களை அழிப்பதையே நோக்கமாக வைத்திருந்தார்கள். ஜப்பானியருக்கு வேண்டியது பாதை; கூலியின் உயிர் அவர்கள் கணக்கிலேயே வரவில்லை. நோக்கம் வேறு. பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததா என்ற கேள்வி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

சிக்கலான இடம் நடுவில் நின்றவர்கள். வெள்ளைக்காரத் துரைகள் ஓடியோ சிறைப்பட்டோ போன பிறகு பல தோட்டங்கள் கணக்கெழுதும் கிராணிமார் பொறுப்பில் இருந்தன. இத்தனை தலை என்று உத்தரவு வந்தால் எந்தத் தலை என்று பெயர் எழுதியது நம்மவர் கைதான். பிடிக்காதவன், கடன்காரன், எதிர்த்துப் பேசியவன், கேட்க நாதியில்லாதவன் பெயர் முதலில் ஏறியது என்பது உயிர் பிழைத்து வந்தவர்களின் பழைய குமுறல். ரயில் நிலையங்களில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் வேலையில் இருந்தார்கள். அடைத்த சரக்குப் பெட்டிகள் அவர்கள் கண்ணெதிரேதான் வடக்கே போயின. மறுத்திருந்தால் ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பித்தாய் தலையை எடுத்திருக்கும் என்பது உண்மை. அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அச்சம் ஒருவன் ஏன் பேசவில்லை என்பதற்குத்தான் காரணம் ஆகும். அவனுக்குத் தெரியாது என்பதற்குச் சாட்சி ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதனால் குழப்பிக்கொண்டே வருகிறோம்.

இன்னும் தர்மசங்கடமானது ஆசாத் ஹிந்த் கதை. சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் என்ற தற்காலிக இந்திய அரசை அறிவித்தது 1943 அக்டோபர் 21. ரயில் பாதையின் திறப்புவிழா அதே மாதம் 25. நான்கே நாள் இடைவெளி. தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததற்கு தேசப்பற்றோடு இன்னொரு காரணமும் உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்: காக்கிச் சட்டை போட்டவனைச் சயாமுக்குப் பிடித்துப்போக மாட்டார்கள். அப்படி நினைத்துச் சேர்ந்தவனுக்குச் சயாம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். பர்மா முனைக்குப் போன, அந்த ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைப் பெண்கள், தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் உட்பட, அதே தண்டவாளத்தில்தான் பயணம் செய்தார்கள். இயக்கத் தலைமைக்கும் கூலிகளின் கதி எட்டாமல் இருந்திருக்காது. ஜப்பானின் தயவில் நின்ற இயக்கம் எவ்வளவு உரக்கக் கேட்டிருக்க முடியும் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நியாயத்தைப் பேசுவதற்கு முன்னால், அவர்களுக்கு இது எட்டியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மையிலேயே எதுவும் தெரியாமல் இருந்தவர்கள் தமிழ்நாட்டுக் குடும்பங்கள். 1942 முதல் மூன்றரை வருஷம் கடிதம் இல்லை, பணம் இல்லை, பினாங்கிலிருந்து கப்பல் இல்லை. 1944 ஜனவரி 28-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன் சயாம் காட்டில் நடக்கும் கொடுமையை நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சின் பொருள் போர்க்கைதிகள். போருக்குப் பின் சிங்கப்பூரில் நடந்த விசாரணைகளிலும் பெரும்பாலும் கைதிகளின் கதையே பேசப்பட்டது. காஞ்சனபுரியின் போர்க்கல்லறையில் 6,900-க்கும் மேற்பட்ட கைதிகளில் பெரும்பாலோருக்குத் தனித்தனிக் கல் உண்டு, புல் வெட்டித் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டு. கூலிகளைக் குழியில் தள்ளி மூடிய இடங்களின் மேல் பிற்பாடு வயலும் கரும்பும் வந்தன. இந்த மறதியை அன்றைய அறியாமை என்று பெயர் மாற்றி எழுதியதுதான் பிழை. 2023-இல், எண்பது வருஷம் கழித்து, மலேசியத் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரியின் ஒரு பௌத்த விகாரையில் அந்தத் தமிழர்களுக்கு நடுகல் நட்டார்கள். கொங்கில் ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கும் புலி குத்திச் செத்தவனுக்கும் நம் ஊர்கள் உடனுக்குடன் கல் நட்டன. சயாமில் செத்தவனுக்குத் தமிழில் முதல் கல்லை நட்டது ஜப்பானிய ராணுவம்.