கடல்கோளும் பாறையடுக்கும்

கடல்கோள் என்றதும் தமிழ் பயின்றோர் நெஞ்சில் எழுவன இறையனார் களவியல் உரையும், சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையுமாம். எழுநூற்றுக் காவதப் பரப்பில் 49 நாடுகளைக் கடல் கொண்டதாகப் பின்னவர் கூறுகிறார். பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையின் அழிவையும் இக்கணக்கிலேயே சேர்ப்போர் உளர். இது பொருந்துமா என ஆராய்வோம்.

கொற்கை இன்று கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கும் காயலிலும் அகழ்ந்து பார்த்த கால்டுவெல், வண்டலினடியில் கடற்சிப்பிகளைக் கண்டார். தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் கரை முன்னேற, துறை கொற்கையிலிருந்து காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது. கொற்கையை மூடியது ஆறே, கடல் அன்று.

கொற்கைக்கு எதிரேயுள்ள மன்னார் வளைகுடாவின் அடித்தளமோ வேறொரு கதை சொல்கிறது. கோண்டுவானா பெருநிலம் பிளவுண்டபோது, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் இழுபட்டுத் தாழ்ந்தது. அப்பள்ளத்தில் படிவுகள் பல கிலோமீட்டர் தடிப்புக்கு நிறைந்தன. மனிதன் தோன்றுமுன்பே நிகழ்ந்த தாழ்வு இது.

நிலம் இழுபடாமல் நெருக்கப்பட்டால் நிகழ்வது வேறு. கட்டவிழ்த்த ஏட்டுச்சுவடியை ஒருபுறம் தள்ளினால், வழுக்கும் ஏடுகளுக்கிடையே நழுவல் தோன்றி, மேலேடுகள் புடைத்தெழும். பாறையும் அவ்வாறே. மென்மையான களிப்பாறை அடுக்கின் வழியே பிளவு கிடையாக ஓடும். வன்மையான மணற்கல்லையோ சுண்ணாம்புக்கல்லையோ எதிர்ப்படுகையில் அதனைச் சரிவாக அறுத்து மேலேறும். மேற்பாறை கீழ்ப்பாறையின்மீது ஏறி அமரும். இதனை உந்துப்பிளவு என்பர். பிளவின் போக்கை நெருக்கும் விசை மட்டுமன்றி, அடுக்குகளின் வலிமையும் வரிசையும் முடிவு செய்கின்றன.

2004 திசம்பர் 26 அன்று சுமத்திராவை ஒட்டிய கடலடியில் அத்தகைய பெரும்பிளவொன்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு நழுவியது. பொதுவாக அத்தகைய பிளவின் மேல்நுனி ஈரச் சேற்றினூடே ஓசையின்றி வழுக்கிவிடும் எனக் கருதப்பட்டது. 2016இல் அப்பகுதிக்கு அருகே கடலடியைத் துளைத்த பன்னாட்டுக் குழு, மறு ஆண்டு வெளியிட்ட முடிவில் வேறு விளக்கம் தந்தது. இமயத்திலிருந்து அரிக்கப்பட்டு வந்த மணலும் சேறும் அங்கே 4 முதல் 5 கிலோமீட்டர் வரை குவிந்துள்ளன. அக்கனத்தின்கீழ்ச் சூடேறிய அடுக்குகள் நீரை இழந்து முன்னதாகவே இறுகிவிட்டன. ஆகவே முறிவு கடல்தரைக்கு மிக அருகே வரை ஏறி, நீரை வன்மையாக உயர்த்தியது என்பது அவர்கள் கருத்து.

அந்த நீர் இரண்டு மணி நேரத்துக்குப்பின் நம் கரைக்கு வந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டது. இலங்கை மறைத்து நின்றமையால் தூத்துக்குடியில் சேதம் குறைவு.

உரையாசிரியர் கேட்டறிந்த கடல்கோள், இத்தகைய ஓர் அலையின் நினைவாகவும் இருக்கலாம்; பனியூழியின் இறுதியில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் மெல்ல உயர்ந்ததன் மங்கிய நிழலாகவும் இருக்கலாம். வண்டல் மூடிய கொற்கை இவ்விரண்டிலும் சேராது. கடல்கோளைப் பாடஞ்சொல்வோர், எந்தக் கடல்கோள் என்ற வினாவோடு தொடங்குதல் நன்று.