ஷெரீப்பின் வருடக் கணக்கு

ஷெரீப் என்றதும் நம்மில் பலருக்கு கௌபாய் படம்தான் நினைவுக்கு வரும். மார்பில் நட்சத்திரம், இடுப்பில் துப்பாக்கி, தெருமுனையில் குதிரை. கொஞ்சம் கதை படித்தவர்களுக்கு ராபின் ஹுட்டைத் துரத்திய நாட்டிங்ஹாம் ஷெரீப் நினைவுக்கு வரலாம். மெட்ராஸில்கூட ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒரு பிரமுகரை ஷெரீப் என்று நியமித்தார்கள். அது வெறும் கௌரவப் பதவி. இப்போது இல்லை.

நான் எழுத நினைத்தது இவர்களைப் பற்றியல்ல. அந்தப் பதவி பிறந்த இங்கிலாந்தில், சுமார் 850 வருடங்களுக்கு முன்பு, ஒரு கவுண்டியின் ஷெரீப்புக்கு வருடம் எப்படிப் போயிற்று என்பதைப் பற்றி. வேலைக் காலம் முழுவதும் சலானும் பேரேடுமாகவே கழித்தவன் நான். அதனால் அவருடைய வாளைவிட அவருடைய கணக்குதான் என்னை இழுத்தது.

முதலில் பெயர். பழைய ஆங்கிலத்தில் ஷைர் என்றால் மாவட்டம். ரீவ் என்றால் ஏறக்குறைய நம் ஊர் மணியக்காரர். இரண்டும் சேர்ந்துதான் ஷெரீப், அதாவது மாவட்ட மணியம். 1066ல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் பிரெஞ்சு பேசியவர்கள். அவர்கள் இந்தப் பதவியைக் கலைக்கவில்லை. தங்கள் ஊர் 'விகோந்த்' செய்கிற வேலையைத்தானே இவரும் செய்கிறார் என்று அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இந்த வரலாற்றில் ஒரு சௌகரியம் உண்டு. ஆங்கில அலுவலகச் சொற்கள் பாதிக்கு மேல் பழைய சொந்தக்காரர்களாகத் தெரியும்.

அவருடைய வேலைப் பட்டியல் நீளம். கவுண்டி நீதிமன்றத்தைக் கூட்ட வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டருக்குப் பின்னும் மிக்கேல் திருநாளுக்குப் பின்னும், ஊர் ஊராகச் சுற்றி விசாரணை நடத்த வேண்டும். அரசரின் ஆணைகளைச் சேர்ப்பிக்க வேண்டும். திருடனைப் பிடிக்க வேண்டும். பிடித்தவனை அடைக்கச் சிறை இல்லாத கவுண்டிகளில் சிறை கட்டவேண்டும் என்று 1166ல் இரண்டாம் ஹென்றி உத்தரவிட்டார். அதைப் பராமரிப்பதும் ஷெரீப் தலையில்தான். கோட்டைக்குப் பழுது பார்ப்பது, படைக்குத் தானியம் சேர்ப்பது எல்லாமும் அவரே. நம் ஊர்க் கணக்கில் கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, தாசில்தார், ஜெயிலர் எல்லாம் ஒரே ஆள்.

ஆனால் வருடம் முழுக்க அவர் தூக்கத்தைக் கெடுத்தது வேறு ஒன்று. கவுண்டியில் அரசருக்குச் சொந்தமான நிலங்கள், நீதிமன்ற வருமானம் ஆகியவற்றுக்காக வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயித்திருந்தார்கள். நம் மொழியில் சொன்னால் குத்தகை. அந்தத் தொகையை ஷெரீப் கட்டியாக வேண்டும். குறைந்தால் அவர் கைப்பணம். கூடுதலாக வசூலித்தால் அது அவருக்கு. இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிற வம்பு எல்லாம் அதிலிருந்துதான்.

கணக்கு ஒப்புவிக்கும் காலம் மிக்கேல் திருநாளை ஒட்டி, அதாவது செப்டம்பர் 29க்குப் பிறகு. அதற்கு முன் ஈஸ்டர் சமயத்தில் ஒரு பகுதிப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். மார்ச் 31ஐக் கருவூலத்தில் கழித்தவர்களுக்கு அந்த மிக்கேல் திருநாள் நெரிசலைப் படிக்கும்போதே வியர்க்கும்.

அந்த இடத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். பிரெஞ்சில் 'எஷிக்கியே' என்றால் சதுரங்கப் பலகை. காரணப் பெயர்தான். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. காசு உருண்டு விழாமல் இருக்க ஓரத்தில் நாலு விரல்கடை உயரத்துக்கு விளிம்பு. மேலே கட்டம் போட்ட கறுப்புத் துணி. ஒரு பத்தி பென்னிக்கு, அடுத்தது ஷில்லிங்குக்கு, அடுத்தது பவுண்டுக்கு, பிறகு இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று போகும். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ரூபாய் அணா பைசாவில் கூட்டல் போட்ட தலைமுறைக்கு இதில் பயம் இல்லை.

ஷெரீப் கட்ட வேண்டிய தொகையை மேல் வரிசையில் காய்களாக வைப்பார்கள். அவர் கட்டியதைக் கீழே வைப்பார்கள். கணிப்பவர் எல்லோர் கண்ணெதிரிலும் காய்களை எடுத்து எடுத்துக் கழிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீப்புக்கும் தன் நிலுவை எவ்வளவு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். இந்த விவரங்களை எழுதி வைத்தவர் ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல். இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர். 1170களின் பிற்பகுதியில், குருவும் சீடனும் பேசிக்கொள்வதுபோல் லத்தீனில் 'எக்ஸ்செக்கர் உரையாடல்' என்ற நூலை எழுதினார். இந்த மேசையில் நடப்பது கருவூலத் தலைவருக்கும் ஷெரீப்புக்கும் இடையிலான ஆட்டம் என்பது அவர் கருத்து.

பணம் கட்டியதற்கு ரசீது காகிதம் அல்ல, மரக்குச்சி. தொகைக்கு ஏற்றபடி அதில் வெட்டு விழும். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைக் கனம், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபது பவுண்டுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அளவு, ஒரு பென்னிக்கு வெறும் கீறல். வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். வெட்டுகள் இரண்டு பாதியிலும் இருக்கும். நீளமான பாதி பணம் கட்டியவருக்கு, குட்டைப் பாதி கருவூலத்துக்கு. கணக்கு நாளில் இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒருவர் பாதியில் மட்டும் ஒரு வெட்டைக் கூட்டினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். ரசீதுப் புத்தகத்தில் மிஞ்சுவதை நாம் அடிக்கட்டை என்கிறோம் அல்லவா? இங்கே அது உண்மையாகவே கட்டை. ஒரே வித்தியாசம், நம் அடிக்கட்டை ஆபீசில் தங்கும், அங்கே பெரிய கட்டை கட்டியவர் கையோடு போகும்.

கணக்குச் சுருள் எழுதும் முறையும் எனக்குப் பிடித்த விஷயம். ஆட்டுத் தோலில்தான் எழுத வேண்டும். சுரண்டி அழித்தால் தழும்பு தெரிந்துவிடும் என்பதற்காக. எழுதுகிறவர் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. கீழே மெல்லிய கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். 'அடித்து எழுது, சுருக்கொப்பம் போடு, அழிப்பானைத் தொடாதே' என்று என் முதல் சூப்பிரண்டென்ட் சொன்னது இதைத்தான். கருவூலத் தலைவரின் எழுத்தர் எழுத எழுத, சான்சலரின் எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து இன்னொரு சுருள் எழுதுவார். இப்படி எதிர்ச் சுருள் வைப்பதற்கு பிரெஞ்சில் 'கோந்த்ர்-ரோல்' என்று பெயர். 'கோந்த்ரோல்', ஆங்கிலத்தில் 'கன்ட்ரோல்', என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான்.

ஷெரீப் செலவு காட்டினால் அரசரின் ஆணை வேண்டும். கோட்டைச் சுவரை உண்மையிலேயே கட்டியிருக்கலாம். ஆணை இல்லையென்றால் கழிவு இல்லை. கொண்டுவந்த வெள்ளிக் காசிலும் 240 பென்னியை எடுத்து உருக்கிப் பார்ப்பார்கள். வெள்ளி குறைந்தால் குறையை அவர் ஈடுகட்ட வேண்டும். எல்லாம் சரியாக முடிந்தால் சுருளில் மூன்று லத்தீன் வார்த்தைகள் விழும்: 'எத் குயேத்துஸ் எஸ்த்'. இவர் விடுபட்டார் என்று பொருள். பிரெஞ்சில் ரசீதைக் குறிக்கும் 'கித்தான்ஸ்' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்தது. ஓய்வூதியத்துக்கு முன் நோ டியூஸ் சான்றிதழுக்காக மேசை மேசையாக அலைந்தவர்களுக்கு அந்த மூன்று வார்த்தையின் அருமை தெரியும். பாக்கி இருந்தால் அது அடுத்த வருடத்துக்குப் போகும். கட்ட முடியாதவரை மார்ஷல் காவலில் வைப்பதும் உண்டு.

இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டைப் படித்து நான் வியந்தது உண்மை. அதற்குப் பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. அந்த மேசையில் இல்லாதவர் யார்?

பணத்தைக் கொடுத்த குடியானவர் இல்லை. ஷெரீப் அரசருக்கு எவ்வளவு கட்டினார் என்பதை மேசை பார்த்தது. ஊரில் எவ்வளவு வாங்கினார் என்பதைக் கேட்கவில்லை. குத்தகைக்கு மேல் வசூலித்தது அவருடைய ஆதாயம் என்றால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அரசர் குத்தகையை உயர்த்தினால் அந்தச் சுமையும் ஊருக்குத்தான் இறங்கும். 'விடுபட்டார்' என்று எழுதப்பட்ட ஷெரீப் யாரிடமிருந்து விடுபட்டார்? அரசரிடமிருந்து மட்டும்.

ஒரு தடவை அரசரே கீழே இறங்கிக் கேட்டார். நான்கு வருடம் பிரான்சில் இருந்துவிட்டு 1170ல் திரும்பிய இரண்டாம் ஹென்றியின் காதில் புகார்கள் விழுந்தன. உடனே விசாரணை. அரசர் கடல் கடந்து போன நாளிலிருந்து ஷெரீப்புகளும் அவர்கள் ஆட்களும் யாரிடம், எவ்வளவு, எதற்காக வாங்கினார்கள், நியாயமாகவா அநியாயமாகவா என்று ஊர் மக்களைச் சத்தியம் வாங்கிக் கேட்டார்கள். ஷெரீப்புகளில் பெரும்பாலோர் பதவி இழந்தார்கள்.

அதற்குப் பிறகும் பிரச்சினை ஓயவில்லை. 1215ன் மாக்னா கார்ட்டாவில் ஷெரீப்பைக் குறித்தே பல பிரிவுகள் உண்டு. குத்தகையைப் பழைய அளவுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று ஒன்று. சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் குதிரையையும் வண்டியையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இன்னொன்று. 1258ல் ஆக்ஸ்போர்டில் கூடிய பிரபுக்கள், ஷெரீப் அந்தக் கவுண்டியிலேயே நிலம் உள்ளவராக இருக்க வேண்டும், ஒரு வருடம்தான் பதவி, செலவுக்கு அரசரே கொடுக்க வேண்டும், அவர் யாரிடமும் கை நீட்டக் கூடாது என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கூடாது என்பது 1340ல் மறுபடியும் சட்டமாக வந்தது. ஒரே விதியை இரண்டு தரம் போட்டால் நடுவில் என்ன நடந்திருக்கும் என்பது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1275ன் சட்டத்தில் ஒரு பிரிவு எனக்கு மிகவும் பரிச்சயமாகப் பட்டது. கடன்காரரிடம் அரசருக்கு உரிய பாக்கியை வசூலித்துவிட்டு, எக்ஸ்செக்கரில் அவர் பெயரில் வரவு வைக்காமல் விடுகிற ஷெரீப்புகளைப் பற்றியது அது. கட்டியவருக்கு அடுத்த வருடமும் அதே பாக்கி வரும். வேலையில் இருந்தபோது இப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி, பழைய வரி ரசீதை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்தார். கட்டியது உண்மை. பேரேட்டில் ஏறவில்லை. ஆபீஸ் கணக்கு மொத்தத்தில் ஒரு பைசா பிசகில்லை, தணிக்கையில் ஒரு ஆட்சேபணையும் இல்லை. அந்தத் தொகை வேறு ஒருவர் பெயரில் உட்கார்ந்திருந்தது. மொத்தம் சரியாக இருந்ததால்தான் அத்தனை நாள் யாரும் தேடவில்லை. அந்த ரசீது மட்டும் இல்லாவிட்டால் பாட்டியின் பேச்சை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எது மிஞ்சியது என்று பார்த்தாலும் இதே கதைதான். எக்ஸ்செக்கரின் கணக்குச் சுருள்களில் மிகப் பழையது 1130ஐச் சேர்ந்தது. இரண்டாம் ஹென்றியின் ஆரம்ப வருடங்களிலிருந்து 1830கள் வரை ஏறக்குறைய தொடர்ச்சியாகவே இருக்கின்றன. கிட்டத்தட்ட 700 வருடம்! ஆனால் 1170ல் மக்கள் சத்தியம் செய்து சொன்ன பதில்களில் சில துண்டுகள்தான் கிடைத்திருக்கின்றன. அரசருக்கு வர வேண்டியது பத்திரமாக இருக்கிறது. மக்கள் கொடுத்தது தொலைந்துவிட்டது.

மரக்குச்சி ரசீது 1826 வரை நடைமுறையில் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1834 அக்டோபர் 16ஆம் தேதி, குவிந்து கிடந்த பழைய குச்சிகளைப் பிரபுக்கள் சபைக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். தீ பரவி, அந்தப் பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் பெரும்பகுதி அன்றிரவே சாம்பலானது.

இங்கிலாந்தில் இன்றும் கவுண்டிக்கு ஒரு உயர் ஷெரீப் உண்டு. சம்பளமில்லாத கௌரவப் பதவி, ஒரு வருடம். பெரும்பாலான கவுண்டிகளுக்கு, பட்டியலில் உள்ள பெயருக்கு எதிரே அரசர் ஊசியால் குத்தி நியமிக்கிறார். குத்தகையும் குச்சியும் போய்விட்டன. அந்த ஒரு வருட வரம்பு மட்டும் நிற்கிறது. அது அரசர்கள் தாமாகக் கொடுத்ததல்ல. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கி வாங்கியது.

அதனால் நண்பர்களே, ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் அடைசல் என்று பிள்ளைகள் முணுமுணுத்தாலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். ஆபீஸில் இருக்கிற பாதி அவர்களுடைய கணக்கு. உங்கள் பாதி உங்களிடம்தான் இருக்க வேண்டும்.