பெஞ்சுக் காலால் அடித்த செனட்

கார்தேஜ் எரிந்து சாம்பலானதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். ஜெயித்த ரோமின் குடியானவன் என்ன ஆனான்?

அன்றைய ரோமில் சொத்து உள்ளவனைத்தான் படையில் சேர்த்தார்கள். ஸ்பெயினில் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டுவிட்டு அவன் ஊர் திரும்பினால், வயல் கரம்பாகக் கிடக்கும்; கடன் கழுத்தை நெரிக்கும். பக்கத்துப் பணக்காரர் அதை வாங்கிப்போட்டார், அல்லது வளைத்துப்போட்டார். உழுவதற்கு அவரிடம் அடிமைகள் இருந்தார்கள். போரில் பிடிபட்டவர்கள். குடியானவன் பிடித்துக் கொடுத்த கைதியே அவன் வயலில் ஏர் பிடித்தான்.

கி.மு. 133இல் சாமானியர்களைக் காக்கும் டிரிபியூன் பதவிக்கு வந்தார் டிபேரியஸ் கிராக்கஸ். ஹானிபலை வென்ற சிப்பியோவின் மகள்வழிப் பேரன். அவர் கொண்டுவந்த சட்டம் புரட்சியெல்லாம் இல்லை. அரசின் பொதுநிலத்தில் ஒருவர் 500 யூகெராவுக்கு, சுமார் 300 ஏக்கருக்கு, மேல் வைத்திருக்கக் கூடாது, மிச்சம் ஏழைகளுக்கு. இந்த உச்சவரம்பு பழைய சட்டத்திலேயே உண்டு. பணக்காரர்கள் பினாமி பெயரில் குத்தகையை மாற்றிக்கொண்டு அதை ஏய்த்தார்கள் என்கிறார் புளூட்டார்க்.

சக டிரிபியூன் ஆக்டேவியஸ் தன் தடையுரிமையை வைத்துச் சட்டத்தை மறித்தார். டிபேரியஸ் மக்கள் சபையைக் கூட்டி, ஓட்டெடுத்து, அவரைப் பதவியிலிருந்தே இறக்கினார். அதுவரை ரோம் காணாத காரியம் அது. செனட்டின் அட்டூழியத்தைப் பேசுகிறவர்கள் இதை மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். குடியரசின் மரபை முதலில் கீறியது டிபேரியஸின் கைதான் என்பேன்.

அதே நேரத்தில் பெர்காமம் மன்னர் மூன்றாம் அட்டாலஸ் தன் நாட்டையே ரோமுக்கு உயில் எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். அதன் கஜானாப் பணம் நிலம் பெறும் புதிய விவசாயிகளுக்கு என்றார் டிபேரியஸ். வெளிநாட்டு விவகாரமும் கஜானாவும் செனட்டின் கோட்டை. அதில் கைவைத்தால் பொறுப்பார்களா? போதாக்குறைக்கு, மறுபடியும் டிரிபியூன் ஆகப் போட்டியிட்டார்.

தேர்தல் நாளில் செனட் கூடியது. பலாத்காரம் வேண்டாம் என்று மறுத்தார் கான்சல் ஸ்கேவோலா. தலைமைப் பூசாரி நசிகா காத்திருக்கவில்லை. டிபேரியஸுக்கு உறவினர்தான். தன் பின்னால் திரண்ட செனட்டர்களோடு, டிபேரியஸ் இருந்த கேபிடல் குன்றில் ஏறினார். ஆயுதம், உடைந்த பெஞ்சுகளின் கால்களும் தடிகளும். டிபேரியஸோடு முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தம்பி கையஸ் கெஞ்சியும் பிணத்தைத் தரவில்லை. இரவில் டைபர் ஆற்றில் வீசினார்கள்.

இத்தனை செய்த செனட், நிலச் சட்டத்தை மட்டும் ரத்து செய்யவில்லை. நிலத்தைப் பிரித்துக் கொடுக்க அந்தச் சட்டப்படி அமைந்த மூவர் குழு தொடர்ந்து நிலம் அளந்தது. அது நட்ட எல்லைக் கற்கள் சில இத்தாலியில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பொறித்த பெயர்களில் ஒன்று கையஸ் கிராக்கஸ். பத்தாண்டு கழித்து அவரும் டிரிபியூன் ஆனார். அந்தக் கதை அடுத்த வாரம்.