பூவரசம் பூவும் பொப்பிப் பூவும்

ஸ்கந்தபுரத்து வேலியோரப் பூவரசுக்கு அரசியல் வரலாறு ஒன்றுண்டு என்றால் எம் மாணவர் சிரிப்பர். ஆட்டுக்குக் குழையாகவும் வேலிக்குக் கதியாலாகவும் சிறுவருக்கு ஊதுகுழலாகவும் பயன்படும் அம்மரத்தைச் சிங்கள மக்கள் 'சூரிய' என்பர். 1930களில் பிரித்தானிய ஏகாதிபத்தியத்தை எதிர்த்து இந்நாட்டில் எழுந்த 'சூரிய மல்' இயக்கத்தின் சின்னம் அதன் மஞ்சள் மலரே. அவ்வியக்கத்தைத் தொடக்கியது எந்தக் கட்சியுமன்று. கைவிடப்பட்ட பழைய போர்வீரரின் வயிற்றுப்பாட்டிலிருந்தே அது பிறந்தது.

முதலாம் உலக மகாயுத்தம் 1918 நவம்பர் 11இல் ஓய்ந்தது. ஆண்டுதோறும் அந்நாளிற் செந்நிறப் பொப்பி மலர் விற்று முன்னாட் போர்வீரருக்கு நிதி திரட்டும் வழக்கம் பிரித்தானியாவிலிருந்து குடியேற்ற நாடுகளுக்கும் பரவிற்று. இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளும் காசு கொடுத்து மலர் வாங்கினர். திரண்ட பணத்திற் பெரும்பகுதி கடல் கடந்து பிரித்தானிய வீரருக்கே போயிற்று. அதே யுத்தத்திற் பணிபுரிந்து மீண்ட இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். இதனைக் கண்டித்து, முன்னாட் போர்வீரர் சங்கத்தின் ஏலியன் பெரேரா 1931இல் அதே நாளிற் சூரிய மலர் விற்பனையை ஆரம்பித்தார். வரும்படி உள்ளூரின் வறிய வீரருக்கு. இதிலே புரட்சி எதுவுமில்லை. எம் பணத்தில் எம் முதியவருக்கும் சோறு போடுங்கள் என்பதே கோரிக்கை. அதனையும் பேரரசாற் பொறுக்க முடியவில்லை.

1933இல் தென் கொழும்பு வாலிபர் சங்கத்தார் இப்பணியைக் கையேற்றனர். டொரீன் யங் என்னும் ஆங்கிலேய ஆசிரியை, 'மலர்களின் போர்' என்ற கட்டுரையைச் 'சிலோன் டெயிலி நியூஸ்' பத்திரிகையில் எழுதி, பிள்ளைகளின் சில்லறை எங்கே போகிறது என்று கேட்டார். தொண்டர்கள் நவம்பர் தோறும் தெருத்தெருவாக மலர் விற்றனர். வாங்கியோர் பெரும்பாலும் வசதி குறைந்தோர்; சேர்ந்த பணமும் பெரிதன்று. 1934-35இல் மலேரியா பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டபோது அதே தொண்டர்கள் கிராமங்களுக்குச் சென்றனர். நோயினும் பசியே கொடிதெனக் கண்டு, மார்மைற்றை நாட்டு வைத்தியரின் குளிகை போல உருட்டிக் கொடுத்தனர். பருப்புப் பகிர்ந்த என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தயா' என்றே அழைத்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது.

இடதுசாரிகள் இவ்வரலாற்றைக் கட்சியின் பாலபருவக் கதையாகவே எழுதி வந்துள்ளனர். அக்கதையில் முதிய சிப்பாய் முதற் பத்தியோடு மறைந்து விடுகிறான். 1933க்குப் பின் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்போர் அரியர்.

வன்னியிலிருந்து நோக்கும்போது இக்குறை உறுத்துகிறது. 1996இற் கிளிநொச்சி படையினர் வசமானபோது, இடம்பெயர்ந்த மக்களால் ஸ்கந்தபுரமும் அக்கராயனும் நிரம்பின. 2009இல் யுத்தம் முடிந்தபின் 11,000க்கு மேற்பட்ட போராளிகள் புனர்வாழ்வு முகாம்களைக் கடந்து வந்தனர். இளமையிற் களம் புகுந்தோர் இன்று நரைத்து நிற்கின்றனர். பள்ளிப் பிள்ளைகளையும் களத்துக்கு இழுத்த தலைமையை வரலாறு விசாரிக்கட்டும். இழுக்கப்பட்டவனின் ஜெய்ப்பூர்க் காலுக்குப் பொறுப்பு யார்? அவனுக்கு ஓய்வூதியமில்லை. பழைய தோழர் நால்வரை ஒரு முற்றத்திற் கூட்டித் தேநீர் அருந்தவும் அஞ்சுகிறான்.

தெற்கின் ஏழை விவசாயி மகனுக்கு மட்டும் வாழ்வு சிறந்ததோ? 2016 நவம்பரில், 12 ஆண்டுச் சேவை நிறைவதற்குள் அங்கவீனமுற்று விலகிய படையினர் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்புக் கோட்டையிற் போராடினர். வெற்றிவீரர் என்று மேடைதோறும் புகழப்பட்ட அவர்கள்மீது பொலிசார் நீர்ப்பீரங்கியைத் திருப்பினர்.

அதே மாதம் 27ஆந் திகதி, யுத்தத்தின்பின் இடித்தழிக்கப்பட்டிருந்த கனகபுரம் துயிலும் இல்லத்தில் மக்கள் திரண்டு விளக்கேற்றினர். அதற்கு முந்திய நாட்களில் தொண்டர்கள் பற்றை வெட்டி, சிதைந்த கற்களைத் திரட்டி வைத்திருந்தனர். அன்றுதொட்டு வன்னி ஊர்கள் பலவற்றில், கார்த்திகைப் பூப் பூக்கும் அம்மாதத்திலே, மாண்டோரின் முதிய தாய் தந்தையரை இளைஞர் ஒன்றுகூட்டுகின்றனர். நடக்கமாட்டாதோருக்கு வாகனம் அனுப்புகின்றனர். அருகருகே அமர்த்தி உணவு பரிமாறுகின்றனர். போகும்போது கையில் ஒரு தென்னங்கன்று கொடுத்து விடுகின்றனர்.